குழாய் உடைந்தவர் இன்ஸ்டாகிராம் பார்ப்பதில்லை

இரவு பத்து மணிக்குக் குளியலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் கொட்டுகிறது. வீட்டுக்காரர் என்ன செய்வார்? முதலில் கேட் வால்வை அடைப்பார். பக்கத்து வீட்டில் கேட்பார். செல்பேசியில் ‘ப்ளம்பர்’ என்று யாரையாவது பதிந்து வைத்திருக்கிறோமா என்று துழாவுவார். யாரும் இல்லையென்றால் கூகுளில் தட்டுவார். அந்த நேரத்தில் ஃபேஸ்புக்கைத் திறந்து, சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புப் படங்களுக்கு நடுவே ஒரு ப்ளம்பர் விளம்பரம் வருமா என்று யாரும் விரலைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் சென்னையில் ப்ளம்பிங், எலக்ட்ரிக்கல், ஏசி சர்வீஸ் என்று சிறியதாகத் தொழில் நடத்துகிறவர்கள் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் காசு கொடுத்துப் போடும் விளம்பரங்களைப் பாருங்கள். ‘24 மணி நேர அவசரச் சேவை, உடனே அழையுங்கள்’ என்ற வாசகம் அடிக்கடி கண்ணில் படும். அவசரமே இல்லாமல் ஓய்வாகப் படம் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் அவசரத்தை விற்கும் முயற்சி அது. காசு கரைவது அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டுச் சேவைத் தொழிலில் வேலைகள் இரண்டு வகை. ஒன்று, வீட்டுக்காரரை உட்காரவிடாத வேலை: குழாய் உடைப்பு, மோட்டார் ஓடாதது, ஃபியூஸ் போனது, கழிவறை அடைப்பு. இன்னொன்று, செய்ய வேண்டும் என்று தெரிந்தும் அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போகும் வேலை: ஏசி சர்வீஸ், ஓவர்ஹெட் டேங்க்கும் சம்ப்பும் கழுவுவது, மொட்டைமாடி வாட்டர் ப்ரூஃபிங், கரையான் மருந்து, ஆர்ஓ ஃபில்டர் மாற்றுவது, பெயின்டிங். நான் சொல்ல வருவது இதுதான். சமூக ஊடக விளம்பரத்துக்குக் கொடுக்கும் காசு முழுவதையும் இரண்டாம் வகைக்கே கொடுக்க வேண்டும். முதல் வகைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடாது. அப்படியானால் அவசர வேலைகளை விட்டுவிட வேண்டியதுதானா என்று கேட்டால், இல்லை. தள்ளிப்போட்ட வேலைக்காக ஒருமுறை வாசலுக்குள் நுழைந்தவருக்கு அவசர வேலை தானாக வரும். அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கூகுளும் ஃபேஸ்புக்கும் விற்பது ஒரே சரக்கு என்று நினைப்பதுதான் குழப்பத்தின் வேர். கூகுள் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆட்வேர்ட்ஸைத் தொடங்கியபோது அது விற்றது தேடுபவரின் அந்த நிமிடத் தேவையை. ஒருவர் ‘ஏசி ரிப்பேர் வேளச்சேரி’ என்று தட்டுகிறார் என்றால் அவர் ஏற்கெனவே காசு செலவழிக்கத் தயாராகிவிட்டார். எதிரில் யார் நிற்பது என்பது மட்டுமே பாக்கி. ஃபேஸ்புக் விற்பது கவனத்தை. அதைப் பார்ப்பவருக்கு அந்த நிமிடம் உங்களால் ஆக வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் அவர் மனதின் ஓரத்தில் ‘ஏசியைக் கழுவி ஒரு வருஷம் ஆச்சே’ என்ற எண்ணம் கிடக்கலாம். விளம்பரத்தால் செய்ய முடிந்தது அந்த எண்ணத்தைத் தட்டி எழுப்புவதுதான். உடையாத குழாயை எந்த விளம்பரமும் உடைக்காது. தள்ளிப்போட்ட வேலையை முன்னுக்கு இழுத்துவர முடியும். போதாததற்கு, ஃபேஸ்புக் 2012-இல் இன்ஸ்டாகிராமையும் 2014-இல் வாட்ஸ்அப்பையும் வாங்கியதால் மூன்றும் இன்று மெட்டா என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ரீல்ஸ் பார்க்கிறவர் ஒரு பொத்தானைத் தொட்டால் நேராக உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடுகிறார். வெப்சைட், படிவம் எதுவும் தேவையில்லை. அரை மனதாக இருக்கும் ஆளுக்கு இவ்வளவு குறுகிய வழி வேறெதுவும் இல்லை. அவசரத்தில் இருப்பவருக்கோ வாட்ஸ்அப் பேச்சே இடைஞ்சல். அவர் போன்தான் செய்வார்.

தள்ளிப்போடும் வேலைகளுக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. விளம்பரத்தின் பாதி வெற்றி அதற்குள் இருக்கிறது. சென்னையில் அக்னி நட்சத்திரம் மே மாதத் தொடக்கத்தில் பிறந்து மாதக் கடைசி வரை காய்ச்சும். ஏசிக்காரருக்கு அந்த நாட்களில் விளம்பரமே தேவையில்லை; போன் ஓயாது. விளம்பரம் போட வேண்டியது பிப்ரவரியில், மின்விசிறி போதும் என்று வீட்டுக்காரர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கும்போது. டேங்க் க்ளீனிங்கும் கோடைக்கு முன்தான். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் ஓஎம்ஆர் அப்பார்ட்மெண்ட்டுகளில் டேங்க்கை ஒருநாள் காலி செய்வதே பெரிய பாடு என்பதால், தண்ணீர் தட்டுப்படும் மே மாதத்தில் அசோசியேஷன் அந்தப் பேச்சையே எடுக்காது. மொட்டைமாடி வேலை இன்னும் நல்ல உதாரணம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்தபின் கூரை ஒழுகுகிறவர்கள் வரிசையாகக் கூப்பிடுவார்கள். ஆனால் ஈரம் ஊறிய தளத்தில் வாட்டர் ப்ரூஃபிங் பூசினால் பிடிக்காது, உரிந்து வந்துவிடும். தளம் காய வேண்டும். ஆக, தேவை உச்சத்தில் இருக்கும் நாட்களும் வேலை செய்ய முடிகிற நாட்களும் வேறு வேறு. போன நவம்பரில் சீலிங்கில் விழுந்த ஈரக்கறையை ஜூனில் நினைவூட்டுவதுதான் இங்கே விளம்பரத்தின் வேலை. பெயின்டிங்கும் வீடு முழுக்கச் சுத்தம் செய்வதும் ஆயுத பூஜைக்கு முன்னும் போகிக்கு முன்னும் நகரும். இந்த நாட்கள் எல்லாம் எந்த மென்பொருளும் சொல்லாமலே நமக்குத் தெரிந்தவை. ஆனாலும் மாதம் தவறாமல் ஒரே தொகையை ஒரே விளம்பரத்துக்குக் கட்டிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

இதில் ஆள்பலக் கணக்கும் சேர்கிறது. இரண்டு டெக்னீஷியன் வைத்திருப்பவர் ஆளுக்கு ஐந்து வீடு என்று பார்த்தாலும் ஒரு நாளைக்குப் பத்து வேலைக்கு மேல் முடிக்க முடியாது. மே மாதத்தில் அந்தப் பத்தும் விளம்பரமில்லாமலே நிறையும். அதற்கு மேல் காசு கொடுத்து அழைப்புகளை வரவழைத்தால் நடப்பது என்ன? பதினோராவது ஆளுக்கு ‘நாளை மறுநாள் வருகிறோம்’ என்று சொல்ல வேண்டும். அவர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார். அவரை அழைத்துவரக் கொடுத்த காசு போட்டியாளருக்குச் செய்த தானம் ஆகிவிடும். பிப்ரவரியில் கதை வேறு. சம்பளம் வாங்கும் ஆட்கள் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அப்போது ஒரு வேலைக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் அது லாபம்தான். விளம்பரத்தை அழைப்புகளைப் பெருக்கும் கருவியாகப் பார்க்காமல், வருடத்தின் மேடுபள்ளத்தைச் சமன்செய்யும் கருவியாகப் பார்த்தால் எந்த மாதம் எவ்வளவு போடலாம் என்பது தெளிவாகும்.

அடுத்தது இடம். பெருநகர சென்னை மாநகராட்சி 2011-இல் விரிவாக்கப்பட்டபின் அதன் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அந்த எல்லைக்குள் 2011 கணக்கெடுப்புப்படி வாழ்ந்தவர்கள் சுமார் 67 லட்சம் பேர். சராசரியாக ஒரு சதுர கிலோமீட்டருக்கு 15 ஆயிரத்துக்கும் மேல். வரைபடத்தில் உங்கள் கடையின் மீது புள்ளி வைத்து 5 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் உள்ளே வரும் நிலம் ஏறக்குறைய 78 சதுர கிலோமீட்டர். அந்தச் சராசரிப்படி பார்த்தால் 12 லட்சம் பேர். வட்டத்தை 3 கிலோமீட்டராகச் சுருக்கினாலும் 4 லட்சத்துக்குக் குறையாது. இரண்டு டெக்னீஷியனுக்கு இதைவிடப் பெரிய ஊர் எதற்கு? மடிப்பாக்கத்தில் கடை வைத்துக்கொண்டு ‘சென்னை முழுவதும்’ என்று விளம்பரம் போட்டால் முகப்பேரிலிருந்து அழைப்பு வரும். சாயங்கால நெரிசலில் அங்கே போய்த் திரும்பும் நேரத்தில் நங்கநல்லூரில் இரண்டு வீடு முடித்திருக்கலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெட்டாவில் இடத்தைக் குறிக்கும்போது அங்கே வசிப்பவர்களை மட்டும் தனியாகப் பிரிக்கும் வசதி இப்போது இல்லை. அண்மையில் அந்தப் பக்கம் வந்துபோனவர்களும் சேர்ந்தே வருவார்கள். வேளச்சேரியில் கடை வீதிக்கு வந்துவிட்டு ஆவடிக்குத் திரும்பியவருக்கும் உங்கள் விளம்பரம் தெரியும். ஆகவே விளம்பரப் படத்திலேயே ‘மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நங்கநல்லூர் வீடுகளுக்கு மட்டும்’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிடுவது நல்லது. அது வேண்டாதவரை விலக்கும். வேண்டியவருக்கு ‘நம்ம ஏரியா ஆள்’ என்று படும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். ‘இப்போதெல்லாம் யாருக்குக் காட்ட வேண்டும் என்பதை இயந்திரமே கண்டுபிடித்துவிடுகிறது, நாம் ஏன் சுருக்கிக்கொண்டு உட்கார வேண்டும்?’ பாதி சரியான கேள்வி. மெட்டாவின் விளம்பர ஏலத்தில் அதிகக் காசு கேட்டவர் மட்டும் ஜெயிப்பதில்லை. நீங்கள் கேட்கும் விலை, இந்த ஆள் நீங்கள் விரும்பும் செயலைச் செய்வாரா என்ற கணிப்பு, விளம்பரத்தின் தரம் ஆகிய மூன்றையும் சேர்த்தே அது முடிவெடுக்கிறது. அந்தக் கணிப்பு நன்றாக வரப் பழக்கம் வேண்டும். ஒரு விளம்பரத் தொகுதிக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 50 விளைவுகள் கிடைத்தால்தான் இயந்திரம் நிலைப்படும் என்பது மெட்டாவே சொல்லும் கணக்கு. நாளுக்கு 300 ரூபாய் போடுகிறவர் அதை ஐந்து விளம்பரத் தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வயது, விருப்பம், வேலை என்று வடிகட்டினால் எந்தத் தொகுதியும் அந்த 50-ஐ எட்டாது. அந்த விஷயத்தில் இயந்திரத்தை நம்புவதே சரி: ஒரே தொகுதி, விருப்ப வடிகட்டல் இல்லாமல், இரண்டு மூன்று படங்களோடு. ஆனால் இயந்திரத்துக்கு உங்கள் டெக்னீஷியனின் பைக் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது. பிப்ரவரியில் ஆட்கள் சும்மா இருக்கிறார்கள் என்றும் தெரியாது. இடமும் மாதமும் நம் பொறுப்பு, ஆள் அதன் பொறுப்பு என்று பங்கு பிரித்துக்கொள்ளலாம்.

‘பதிவைப் பூஸ்ட் பண்ணிப் பார்த்தேன். லைக்குதான் விழுந்தது, வேலை ஒன்றுகூட வரவில்லை’ என்பது அடுத்த குறை. இயந்திரம் சொன்னதைச் செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஒரு பதிவைப் பலருக்கும் பிடிக்கச் செய் என்று கேட்டால், எதற்கும் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப்பிடித்துக் காட்டும். அவர்களில் பலர் வீட்டில் ஏசியே இருக்காது. வாட்ஸ்அப்பில் பேச வைப்பதை இலக்காக வைத்தால் பேசும் பழக்கமுள்ளவர்களைத் தேடும். பேசுகிறவர்கள் எல்லோரும் வேலை கொடுப்பார்களா என்றால், கொடுக்க மாட்டார்கள்தான். ‘ரேட் என்ன?’ என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் ஏராளம். அதைக் குறைக்க ஒரு வழி உண்டு: ரேட்டை விளம்பரத்திலேயே போட்டுவிடுவது. பலர் தயங்குவார்கள், விலையைப் பார்த்து ஓடிவிடுவார்கள் என்று. ஓடட்டும். அவர் பேசிவிட்டு ஓடினால் உங்கள் நேரம் வீணாகியிருக்கும். படத்தைப் பார்த்துவிட்டே நகர்ந்துவிட்டால் அந்த நேரம் மிச்சம்.

ஆனால் அந்த ரேட் உண்மையான ரேட்டாக இருக்க வேண்டும். ஏசி சர்வீஸ் 299 ரூபாய் என்று விளம்பரம் போட்டு உள்ளே நுழைந்து, ‘கேஸ் குறைஞ்சிருக்கு சார்’ என்று மூவாயிரம் கேட்பது இந்தத் தொழிலின் தொற்றுநோய். ஏசியின் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது. கசிவு இல்லாமல் அது குறையாது. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது அடுத்த கோடைக்கான பில்லை இப்போதே போட்டுவைப்பது போலத்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இப்படித் தூண்டில் போடும் விளம்பரங்களுக்கு நிபந்தனை விதிக்கின்றன: அறிவித்த விலைக்கு அந்தப் பொருளையோ சேவையையோ கொடுக்கும் உண்மையான வாய்ப்பு இருக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், கணக்காகவே இது ஓட்டை. ஏமாந்தவர் விளம்பரத்தின் கீழேயே வந்து திட்டுவார். சிலர் மறைத்துவிடுவார்கள், சிலர் புகார் தட்டுவார்கள். மேலே சொன்ன ஏலத்தில் தரம் என்ற மூன்றாவது காரணி இருக்கிறதே, அது இவற்றை வைத்துத்தான் இறங்குகிறது. இறங்கினால் அதே ஆட்களுக்குக் காட்ட இன்னும் அதிகக் காசு ஆகும். விலை குறைத்துப் பொய் சொன்னவர் விளம்பரச் செலவைக் கூட்டிக்கொள்கிறார். படமும் அப்படியே. இணையத்தில் எடுத்த வெள்ளைக்காரத் தொழிலாளியின் புன்னகையைவிட, உங்கள் ஆள் கழுவிய ஏசி காயிலின் முன்னும் பின்னும் எடுத்த படம் மேல். வீட்டுக்காரரின் சம்மதம் கேட்டு எடுத்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விளம்பரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது பாதி வழிதான் கொண்டுவந்து விடும். மீதிப் பாதி பதில் சொல்வதில் இருக்கிறது. ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் 2011-இல் வந்த ஒரு கட்டுரை, அமெரிக்காவின் 2,241 நிறுவனங்கள் இணையத்தில் வந்த விசாரணைகளுக்கு எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கின்றன என்று பார்த்தது. கால்வாசிக்குச் சற்றுக் குறைவான நிறுவனங்கள் பதிலே சொல்லவில்லை. அதே கட்டுரை குறிப்பிடும் இன்னொரு ஆய்வில், ஒரு மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டவர்களுக்கு, அதைவிட ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைக் காட்டிலும், முடிவெடுக்கக்கூடியவரோடு உருப்படியாகப் பேசும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு இருந்தது. அது வேறு நாட்டு நிறுவனங்களின் கதை என்று ஒதுக்கலாம். ஆனால் தள்ளிப்போடும் வேலைக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பேன். குழாய் உடைந்தவர் நீங்கள் பத்து நிமிடம் தாமதித்தாலும் தேடிக்கொண்டேதான் இருப்பார். ஏசி சர்வீஸ் கேட்டவருக்கோ அந்த எண்ணம் வந்ததே உங்கள் விளம்பரத்தால். ஒரு மணி நேரத்தில் அது மறுபடி ஓரத்துக்குப் போய்விடும். இரவு ஒன்பது மணிக்குமேல்தான் பலரும் ரீல்ஸ் பார்க்கிறார்கள், உங்கள் கடை ஏழு மணிக்கு மூடுகிறது என்றால், பதில் சொல்ல ஆள் இல்லாத நேரத்தில் விளம்பரம் ஓடுவதை நிறுத்த வேண்டும், அல்லது வீட்டில் யாராவது போனைப் பார்க்க வேண்டும்.

பதில் வேகத்தின் எடையைக் காட்ட ஒரு கணக்குப் போடுவோம்; எண்கள் எல்லாம் வைத்துக்கொண்டவை. நாளுக்கு 300 ரூபாய், மாதம் 9,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,620. மொத்தம் 10,620. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பதால் ஜிஎஸ்டி பதிவு செய்யாத சிறு தொழில்காரருக்கு அந்த வரி திரும்ப வராது, அது செலவுதான். 120 பேர் வாட்ஸ்அப்பில் வருகிறார்கள். விளம்பரத் திரை ‘ஒரு பேச்சுக்கு 75 ரூபாய்’ என்று காட்டும். ஒரு வீட்டில் இரண்டு ஏசி, 1,300 ரூபாய் வாங்குகிறீர்கள். கூலி, பெட்ரோல், இதர செலவு போக 650 நிற்கிறது. அந்த 120 பேரில் 24 வீட்டு வேலை முடிந்தால், வேலைக்கு விளம்பரச் செலவு 442 ரூபாய் 50 காசு. கையில் 207 ரூபாய் 50 காசு மிஞ்சும். பதில் தாமதித்து 12 வீடு மட்டும் முடிந்தால் வேலைக்கு 885 ரூபாய். ஒவ்வொரு வீட்டுக்கும் 235 ரூபாய் கைநஷ்டம். திரையில் இரண்டு கணக்கிலும் ஒரே எண், அதே 75 ரூபாய். லாபமும் நஷ்டமும் தீர்மானமாகும் இடம் அந்தத் திரையில் இல்லவே இல்லை. முடிந்த வேலைகளை எழுதிவைக்கும் ஒரு நோட்டில்தான் இருக்கிறது. விளம்பரத்தைக் கவனிக்கும் ஏஜென்சிக்காரர் மாதக் கடைசியில் எத்தனை லீட் (விசாரணை) என்று அறிக்கை அனுப்பினால், எத்தனை வேலை முடிந்தது என்ற நோட்டை எதிரே வைத்துப் பேசுங்கள்.

நோட்டு வைத்தாலும் ஒரு சந்தேகம் நியாயமாகவே மிஞ்சும். அந்த 24 பேரும் விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருப்பார்களோ? பெரிய நிறுவனங்களே இதில் ஏமாந்திருக்கின்றன. இபே நிறுவனம் தேடுபொறிகளில் தன் பெயருக்கே கொடுத்துவந்த விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தபோது, ஏறக்குறைய அத்தனை பேரும் காசில்லாத தேடல் முடிவு வழியாக வந்து சேர்ந்தார்கள் என்று 2015-இல் பொருளாதார அறிஞர்கள் எழுதினார்கள். ஃபேஸ்புக்கில் நடந்த 15 பெரிய சோதனைகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வு, விளம்பரம் பார்த்தவர்களையும் பார்க்காதவர்களையும் வெறுமனே ஒப்பிடும் முறைகள் பலமுறை பலனை ஊதிக் காட்டின என்று கண்டது. சிறு கடைக்காரருக்குப் பொருளாதார அறிஞர் தேவையில்லை. வட்டத்தை இரண்டாகப் பிரித்து, மூன்று வாரம் ஒரு பாதியில் மட்டும் விளம்பரம் போடலாம். அடுத்த மூன்று வாரம் மறுபாதியில். எந்த வழியாக வந்தாலும் எல்லா வேலைகளையும் ஏரியாவாரியாக எண்ண வேண்டும். விளம்பரம் ஓடிய பாதியில் மொத்த வேலை கூடவில்லை என்றால், திரை என்ன சொன்னாலும் பலன் இல்லை என்று பொருள். அவசர வேலைக்காரர் இந்தச் சோதனையைச் செய்தால் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது என்பது என் கணிப்பு. தள்ளிப்போட்ட வேலைக்காரருக்குத் தெரிய வாய்ப்புண்டு.

‘இதெல்லாம் எதற்கு, வாய்வழிப் பேச்சே போதும்’ என்பவர்களுக்குப் பாதி சம்மதம். பழைய தெருக்களில் அது போதும். ஆனால் புறநகரில் புதிதாகக் குடிவந்த அப்பார்ட்மெண்ட்டில் யாருக்கும் யாரையும் தெரியாது. அங்கே வாய்வழிப் பேச்சு என்பது அந்த பிளாக்கின் வாட்ஸ்அப் குழு. ‘நல்ல ஏசி மெக்கானிக் யாராவது?’ என்ற கேள்விக்கு உங்கள் பெயரைச் சொல்ல முதலில் ஒரு வீடாவது வேண்டும். அந்த முதல் வீட்டை வாங்கித் தருவதே விளம்பரம். ‘அர்பன் கம்பெனி போன்ற பெரியவர்களோடு காசில் மோத முடியுமா?’ என்றும் கேட்பார்கள். 2014-இல் தொடங்கி 2025 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்ட நிறுவனம் அது. காசில் மோத முடியாதுதான். ஆனால் அவர்கள் மூலம் போன தடவை வந்த ஆள் அடுத்த தடவையும் வருவார் என்று உறுதியில்லை. உங்களால் ஒரே ஆளை அனுப்ப முடியும், அவர் பெயரை விளம்பரத்தில் போட முடியும், மூன்று கிலோமீட்டருக்குள் கடை இருக்கிறது என்று காட்ட முடியும். அவர்களுடைய விளம்பரங்கள் சேவை என்ற பழக்கத்தை நகரத்துக்குக் கற்றுத் தருகின்றன. அந்தப் பழக்கத்தில் உங்கள் ஏரியாவின் பங்கை எடுத்துக்கொள்ள நாளுக்கு 300 ரூபாய் போதும்.

இப்போது அவசர வேலைக்கு வருகிறேன். டேங்க் கழுவி முடித்த டெக்னீஷியன் மோட்டார் சுவிட்ச் பெட்டியின் உள்பக்கம் கடையின் எண்ணை ஸ்டிக்கராக ஒட்டிவிட்டு வரட்டும். ஏசி சர்வீஸ் செய்தவர் இன்டோர் யூனிட்டின் ஓரத்தில் அடுத்த சர்வீஸ் தேதியோடு ஒட்டட்டும். பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீட்டுக்காரர் போனில் எண் தானாகத் தங்கும். இரவு பத்து மணிக்கு மோட்டார் நின்றால் அவர் கூகுளுக்குப் போகும் முன் அந்தப் பெட்டியைத்தான் திறப்பார். ஆயிரக்கணக்கில் கொட்டினாலும் ஃபேஸ்புக்கில் வாங்க முடியாத அவசர அழைப்பு, ஐந்து ரூபாய் ஸ்டிக்கரில் வரும். ஆறு மாதம் கழித்து நினைவூட்டல் அனுப்ப முதல் தடவையே சம்மதம் கேட்டுவிடுங்கள். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே சம்மதம்தான். கேட்காமல் வாரத்துக்கு மூன்று ஆஃபர் அனுப்புகிறவரை வீட்டுக்காரரும் பிளாக் செய்துவிடுவார்.

எல்லோரும் விளம்பரம் போட்டே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செய்கிற வேலைகளைத் தாளில் எழுதிப் பாருங்கள். எல்லாம் உடைப்பும் அடைப்புமாக மட்டும் இருந்தால் சமூக ஊடகத்துக்கு ஒரு காசும் வேண்டாம். கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் கடைப் பக்கத்தைச் சரியாக நிரப்பி, வேலை முடித்த வீடுகளில் ரிவ்யூ கேட்டு வாங்குங்கள். தள்ளிப்போடும் வேலை ஒன்றாவது இருந்தால் அதற்கான மாதத்தில், அதற்கான வட்டத்தில், உண்மையான ரேட்டோடு, பதில் சொல்ல ஆள் வைத்துக்கொண்டு போடுங்கள். ஒரு வீட்டுக்குள் முதல் தடவை நுழைய மட்டுமே விளம்பரத்துக்குக் காசு கொடுக்கலாம். இரண்டாம் தடவை அதே வீட்டுக்குப் போக மறுபடி காசு கொடுத்தால் முதல் தடவை செய்த வேலை சரியில்லை என்று அர்த்தம். ஆகவே விளம்பரச் செலவு வருடா வருடம் மொத்த வரவில் சிறுத்துக்கொண்டே வர வேண்டும். மூன்றாம் வருடமும் பழைய வீடுகள் கூப்பிடாமல், அதே வட்டத்தில் அதே அளவுக்குச் செலவழித்தால்தான் கடை ஓடுகிறது என்றால், விளம்பரத்தை மாற்றிப் பயனில்லை. டெக்னீஷியன் வீட்டுக்குள் என்ன செய்துவிட்டு வருகிறார் என்று போய்ப் பார்க்க வேண்டும்.